இதர செலவுகள்

கணக்குப் புத்தகத்தில் லஞ்சம் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆறேழு வருடங்களாக அதைத் தேடும் மென்பொருளை எழுதுகிற குழுவில் இருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். ஆலோசனைக் கட்டணம் கிடைக்கும். சந்தை ஆய்வு கிடைக்கும். அவசரப் பணிக்கான கூடுதல் தொகை, விருந்தோம்பல், நல்லெண்ண அன்பளிப்பு எல்லாம் கிடைக்கும். எதிலும் அடங்காத மிச்சம் ‘இதர செலவுகள்’ என்ற வரியில் போய் உட்கார்ந்திருக்கும்.

இது நம்மூர் சாமர்த்தியம் மட்டும் இல்லை. 1970களில் ஜப்பானில் விமானம் விற்க அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் பணம் கொடுத்தது. அதற்கு ரசீதே உண்டு. நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன் என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கடலை என்றால் பத்து லட்சம் யென். அந்த விவகாரத்தில் 1976இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா கைதானார். ஜெர்மனியில் இன்னும் நேர்த்தி. அங்கே இதற்கு ‘பயனுள்ள செலவினங்கள்’ என்று பெயர். அயல்நாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த தொகையை வணிகச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள 1999 வரைக்கும் சட்டமே இடம் கொடுத்தது.

இந்தச் செலவுக்குத் தனி வரி போட்டு, தனக்குத் தெரிந்த பெயரிலேயே எழுதி வைத்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து என் பெரியப்பா. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினார். டிரிப்புக்கு ஒரு பக்கம். டீசல், டிரைவர் படி, கிளீனர் படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், கடைசியாக மாமூல். மாமூலுக்குக் கீழே ஊர் வாரியாகத் தொகை. மாமூல் என்பது அரபியிலிருந்து வந்த சொல், வழக்கமானது என்று பொருள். அவர் அதை வழக்கமான செலவாகத்தான் எழுதினார். காரணம் ரொம்பச் சாதாரணம். முதலாளிக்கு உண்மை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டிரைவர் அடித்துவிடுவார்.

பெரிய நிறுவனத்தில் முதலாளி என்பது பல நாடுகளில் பரவிக் கிடக்கும் பங்குதாரர்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் அங்கே அத்தனை பெயர்கள்.

*

இந்த வேலைக்கு வந்த முதல் மாதம், குழுவில் எல்லோரும் சீமென்ஸ் வழக்கின் ஆவணங்களைப் படிக்க வேண்டும் என்று எங்கள் கம்ப்ளையன்ஸ் அதிகாரி சொல்லிவிட்டார். முன்பு தணிக்கைத் துறையில் இருந்தவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். “கோட் எழுதறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. உங்களைவிட நல்ல இன்ஜினியர்ஸ் அந்தப் பக்கம் இருந்திருக்காங்க” என்றார்.

படித்தபோது அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. 2001 மார்ச் 12 அன்று சீமென்ஸ் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அன்றிலிருந்து அமெரிக்கச் சட்டத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகான ஆறரை ஆண்டுகளில் அரசு அதிகாரிகளுக்கு லஞ்சமாகப் போனவை குறைந்தது 4,283 கொடுப்பனவுகள், சுமார் 140 கோடி டாலர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் புகார் சொல்கிறது. ரொக்கம் வழங்கும் மேசைகள் இருந்தன. ஊழியர்கள் காலி சூட்கேஸோடு போய் பத்து லட்சம் யூரோ வரை நிரப்பிக்கொண்டு வர முடிந்தது. பணம் வழங்கும் உத்தரவுகளில் கையெழுத்தை ஒட்டிப் பிய்க்கும் மஞ்சள் தாளில் போட்டார்கள். விசாரணை வந்தால் தாளைப் பிய்த்துவிடலாம், கீழே ஆவணம் சுத்தமாக இருக்கும்.

சங்கேதமும் இருந்தது. மேக் பிராஃபிட், அதாவது லாபம் சம்பாதி, என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் சேர்த்துப் பத்து எழுத்துகள். எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராது. ஒன்று முதல் சுழியம் வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எழுத்து. ‘இதை ஏபிபி கோப்பில் வை’ என்று ஒரு குறிப்பு வந்தால் ஏ என்பது 2, பி என்பது 5. விற்பனையில் 2.55 சதவீதம் கொடுக்கலாம் என்று உத்தரவு. கல்லூரியில் கிரிப்டோகிராஃபி முதல் பாடத்தில் சொல்லித்தரும் அளவுக்கு எளிமை. படித்துவிட்டுச் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அது ஒரு முழுமையான அமைப்பு. வரவு செலவுத் திட்டம் இருந்தது. அனுமதிப் படிகள் இருந்தன. தொலைத்தொடர்புப் பிரிவில் ஆண்டுக்கு நான்கைந்து கோடி டாலர் லஞ்சக் கணக்கைக் கையாண்டவர் ரைன்ஹார்ட் சீகாச்செக். அவரை அந்த வேலையில் வைத்தது அவர் நிதானமானவர், தடம் மாறாதவர் என்பதற்காக. லஞ்சப் பணத்திலிருந்து திருடாத ஆளாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 2008இல் மியூனிக் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து 1,08,000 யூரோ அபராதம் விதித்தது.

2006 நவம்பரில் போலீஸ் சோதனை. 2008 டிசம்பரில் அமெரிக்காவோடும் ஜெர்மனியோடும் தீர்வு. இரு நாடுகளிலுமாகக் கட்டிய தொகை சுமார் 160 கோடி டாலர். தொகையைவிட மேடம் எங்களுக்குச் சுட்டிக்காட்டியது வேறு. சீமென்ஸில் அதற்கு முன்பும் நடத்தை விதிகள் இருந்தன. லஞ்சம் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு அமைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று காகிதத்தில், இன்னொன்று சூட்கேஸில். இரண்டாவதுதான் நன்றாக வேலை செய்தது.

பிறகு அவர்கள் திரும்பக் கட்டியதும் அதே அளவு தீவிரமாக இருந்தது. வெளியிலிருந்து புதுத் தலைவர் வந்தார். 2007 இறுதியில் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் தெரிந்ததைச் சொல்லும் ஊழியர்களை வேலைநீக்கம் செய்ய மாட்டோம் என்றார்கள். நூறு பேருக்கு மேல் முன்வந்தார்கள். கம்ப்ளையன்ஸ் பிரிவில் ஆட்கள் பல நூறாகப் பெருகினார்கள். இதையெல்லாம் வெளியிலிருந்து கண்காணிக்க அமர்த்தப்பட்டவர் தியோ வைகல். 1989 முதல் 1998 வரை ஜெர்மனியின் நிதியமைச்சர். பயனுள்ள செலவினங்களுக்கு வரிக் கழிவு கிடைத்த அதே ஆண்டுகள். இதைக் கேலியாகவும் படிக்கலாம். ஒரு நாடு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும்போது பழைய ஆட்களை வைத்துத்தான் மாற்றிக்கொள்ள முடியும் என்றும் படிக்கலாம்.

*

இந்தத் துறையின் சட்ட வரலாறு நீளமில்லை. வாட்டர்கேட் விசாரணையின் வால் பிடித்துப் போனபோது நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் தாங்கள் கேள்விக்குரிய பணம் கொடுத்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டன. 1977இல் வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. எஃப்சிபிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பது உள்நாட்டிலேயே குற்றம் என்று சொன்ன முதல் சட்டம் அது. அதில் இன்னொரு பாதியும் உண்டு. கணக்கைச் சரியாக எழுத வேண்டும். கடலை என்று எழுதினால் அதுவே குற்றம்.

இருபது வருடம் அமெரிக்க நிறுவனங்கள் புலம்பின. நாங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், மற்றவர்கள் கொடுத்துக் காரியம் முடிக்கிறார்கள் என்று. 1997இல் ஓஇசிடி அமைப்பின் உடன்படிக்கை வந்தபிறகுதான் மற்ற பணக்கார நாடுகளும் உள்ளே வந்தன. பிரிட்டன் 2010இல் ஒரு படி மேலே போனது. லஞ்சத்தைத் தடுக்கத் தவறினாலே நிறுவனம் குற்றவாளி, போதுமான நடைமுறைகளை வைத்திருந்தேன் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். நம் நாட்டில் 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இதே தர்க்கம் வந்தது. கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு.

போதுமான நடைமுறைகள். இந்த இரண்டு சொற்கள்தான் என் சம்பளம். அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதலில் ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டை மூன்று கேள்விகளால் எடைபோடச் சொல்கிறது. நன்றாக வடிவமைத்திருக்கிறார்களா? அதற்குப் போதிய ஆட்களும் பணமும் அதிகாரமும் கொடுத்திருக்கிறார்களா? நிஜத்தில் வேலை செய்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் தயாரிப்பது சுலபம். அதற்கென்றே கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் ஆபீஸில் இருக்காது.

*

நான் இருப்பது ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளையில். பம்புகளும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் செய்து பல நாடுகளுக்கு அனுப்பும் நிறுவனம். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அரசுகள்தான். குடிநீர் வாரியம், நீர்ப்பாசனம், மின் நிலையம். அதாவது எங்கள் பொருளை வாங்குவதும் அனுமதிப்பதும் சுங்கத்தில் விடுவிப்பதும் அதிகாரிகள்.

லஞ்சத்தை நிறுவனம் நேராகக் கொடுப்பது அபூர்வம். ஓஇசிடி 2014இல் 427 வழக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது நான்கில் மூன்றில் ஓர் இடைத்தரகர் இருந்தார். ஏஜென்ட், விநியோகஸ்தர், ஆலோசகர், சுங்கத் தரகர். ஆகவே எங்கள் மென்பொருளின் முதல் வாசல் வெண்டரைச் சேர்க்கும் படிவம். யார் உரிமையாளர், அவருக்குப் பின்னால் யார், சொந்தத்தில் யாராவது அரசுப் பதவியில் இருக்கிறார்களா, வேலை ஒரு நாட்டில் நடக்கும்போது வங்கிக் கணக்கு ஏன் இன்னொரு நாட்டில் இருக்கிறது, கம்பெனியைப் பதிவு செய்து மூன்று மாதம்தான் ஆகிறதா, இவரை நமக்கு அறிமுகம் செய்தது வாடிக்கையாளர் தரப்பு அதிகாரியா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று வந்தால் திரை சிவப்பாகும்.

இரண்டாவது வாசல் பணம் போகும் இடம். பத்தாயிரம் டாலருக்கு மேல் இரண்டாம் அனுமதி வேண்டும் என்றால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மூன்று இன்வாய்ஸ் வரும். முழு எண்களாக வரும் தொகை, மாதக் கடைசியில் அவசரம் என்று வரும் பில், வேலை இன்னதென்று சொல்லாமல் ‘உதவிக்காக’ என்று மட்டும் சொல்லும் பில், இவற்றுக்கெல்லாம் விதிகள் எழுதினோம்.

முதல் வருடம் எங்களை அதிகம் படுத்தியது லஞ்சம் இல்லை, பெயர்கள். அரசியல் தொடர்புள்ளவர்கள், தடைசெய்யப்பட்டவர்கள் பட்டியலோடு வெண்டர் பெயரை ஒப்பிட ஒரு வெளிநாட்டு மென்பொருளை வாங்கியிருந்தார்கள். அதில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் கட்டாயம். நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருவர் இனிஷியலைப் போட்டார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போட்டார், ஒருவர் புள்ளி வைத்தார். ஓர் எழுத்துக் கடைசிப் பெயரை இயந்திரம் ஏற்காது. செந்தில்குமாரைச் சேர்த்து எழுதியவரும் பிரித்து எழுதியவரும் அதற்கு இரண்டு பேர். மறுபக்கம், உலகத்தில் உள்ள எல்லா முருகனும் ஒரே முருகன். தினம் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள். அவற்றைப் பார்க்க உட்கார வைத்திருந்த பையன் இரண்டாவது வாரத்தில் படிக்காமலேயே ‘பொருந்தவில்லை’ பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். புலி வருது கதைதான். உண்மையான புலி வந்திருந்தாலும் அவன் விரல் அதே பொத்தானுக்குத்தான் போயிருக்கும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. விதிகளைப் பாதியாக வெட்டி, பெயரோடு பிறந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்து ஒப்பிட ஆரம்பித்தபிறகுதான் எச்சரிக்கையை மனிதர்கள் படித்தார்கள்.

அன்பளிப்புப் பதிவேடு தனிக் கூத்து. தீபாவளிக்கு வெண்டர் அனுப்பும் இனிப்புப் பெட்டியைப் பதிய வேண்டுமா, அரைக் கிலோவுக்கு மேல் இருந்தால்தானா, குங்குமச் சிமிழ் வெள்ளியில் இருந்தால் என்ன செய்வது என்று ஓயாமல் மெயில் வரும். மேடத்திடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. “ரிசப்ஷன்ல எல்லார் முன்னாடியும் நின்னு வாங்கிப்பீங்கன்னா வாங்கிக்கோங்க. வீட்டு அட்ரஸ் கேட்டா வேண்டாம்.” இதை விதியாக எழுத எங்களால் முடியவில்லை. ஆனால் ஆபீஸில் பலருக்கு மனப்பாடமானது இது மட்டும்தான்.

*

பயிற்சி வகுப்புகளில் நான் எப்போதும் சொல்லும் இன்னொரு வழக்கு சென்னையுடையது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட உத்தரவின்படி, 2014இல் காக்னிசன்ட் நிறுவனம் சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் வளாகம் கட்டியபோது, திட்ட அனுமதிக்காகத் தமிழ்நாட்டின் மூத்த அரசு அதிகாரி ஒருவர் இருபது லட்சம் டாலர் கேட்டார். கேட்டது நிறுவனத்திடம் இல்லை, கட்டுமான ஒப்பந்ததாரரிடம். அதைக் கொடுத்துவிடும்படி உயர் நிர்வாகத்திலிருந்தே அனுமதி போனது, ஒப்பந்ததாரருக்கு அந்தப் பணத்தை வேலை மாற்றங்களுக்கான கூடுதல் பில்லாகக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்கள் என்கிறது உத்தரவு. நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளவும் இல்லை மறுக்கவும் இல்லை. சுமார் இரண்டரைக் கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. தெரிய வந்ததும் தானாகவே முன்வந்து சொன்னதால் நிறுவனத்தின் மேல் நீதித்துறை குற்றவழக்குப் போடவில்லை. இரண்டு முன்னாள் உயரதிகாரிகள் மேல் போட்ட வழக்கை அவர்கள் மறுத்து வாதாடினார்கள். 2025 ஏப்ரலில் நீதித்துறை அதைக் கைவிட்டது.

கட்டுமானத்தில் வேலை மாற்றம் இல்லாத கட்டடம் கிடையாது. அஸ்திவாரம் தோண்டினால் பாறை வரும், தண்ணீர் வரும், கதவு இடம் மாறும். கூடுதல் பில் வருவது இயல்பு. அதனாலேயே ஒளிய வசதியான இடமும் அது. நேரில் போய் கதவை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மென்பொருளுக்குக் கதவு தெரியாது, பில் தெரியும்.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். “சார், மேல இருக்கறவங்களே ஓகே சொன்னா உங்க சிஸ்டம் என்ன பண்ணும்?” நியாயமான கேள்வி. எங்கள் அனுமதிப் படிகள் எல்லாம் கீழிருந்து மேலே போகின்றன. மேலே போகப் போக நம்பிக்கை கூடும் என்பது அதன் அடிப்படை. கடைசிப் படியில் இருப்பவரே உத்தரவு போட்டால் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். அதற்குத்தான் கம்ப்ளையன்ஸ் அதிகாரி நிர்வாக இயக்குநரைத் தாண்டி இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்கு நேராகப் பேசும் வழி வைக்கிறார்கள். எங்கள் மென்பொருளில் அது ஒரு மின்னஞ்சல் விதி. குறிப்பிட்ட தொகைக்கு மேல் யார் கையால் விதிவிலக்குக் கொடுத்தாலும் அதன் நகல் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் இயக்குநருக்குப் போகும். யாராலும் நிறுத்த முடியாதபடி எழுதியிருக்கிறோம். முழுத் தொகுப்பிலும் அந்த நிரல்தான் சின்னது. எழுத அரைநாள் ஆனது. அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது.

*

ஒருநாள் மதியம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன். அங்கே ஒரு துறைமுகத்தில் எங்கள் சரக்கை இறக்கித் தளத்துக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர். தூத்துக்குடிக்காரர். ஆபீஸில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

“தம்பி, அந்தப் பெட்டியில நான் என்னத்த டைப் பண்ண?”

“எந்தப் பெட்டி அண்ணாச்சி?”

“தாமதத்துக்குக் காரணம்னு ஒண்ணு கேக்குதுல்லா. மழை, வேலைநிறுத்தம், கப்பல் லேட்டு, பேப்பர் சரியில்ல. நாலுதான் இருக்கு. இங்க நடக்கது நாலுலயும் இல்லயே.”

அந்தப் பட்டியல் பழைய லாஜிஸ்டிக்ஸ் அமைப்பிலிருந்து வந்தது. நாங்கள் அதிலிருந்து தகவலை எடுப்பதோடு சரி. என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

“சாமான் எறங்கி ஒம்பது நாளாச்சு. பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு. வந்து பாக்கணும்னு சொல்லுதாங்க, வரமாட்டேங்காங்க. ஏஜென்ட் மூணு விரலக் காட்டுதான். முந்நூறு டாலர்.”

“கொடுத்துடாதீங்க அண்ணாச்சி.”

“கொடுக்கலயே. கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதான கார்ட்டூன் வீடியோ போட்டுக் காமிச்சீங்க. கொடுக்கல. ஆனா டெமரேஜ் ஓடுது. சைட்ல கிரேன் வாடகை ஓடுது. ஸ்கிரீன்ல என் பேருக்கு நேரா சிவப்பு ஓடுது. வருசக் கடைசியில போனஸ் கணக்குப் போடும்போது அந்தச் சிவப்புதான் நிக்கும். நான் கொடுக்கலங்கது எங்க நிக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. மேடத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.

முந்நூறு டாலர் என்பது எங்கள் நிறுவனத்தில் ஒரு மீட்டிங்கின் காபி செலவு. ஆனால் இந்தத் துறையின் மொத்தப் பிரச்சினையும் அதில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம், அதிகாரி எப்படியும் செய்ய வேண்டிய வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சின்னத் தொகைக்கு விலக்குத் தருகிறது. பிரிட்டிஷ் சட்டம் தருவதில்லை. எங்கள் நிறுவனம் இரண்டில் கடுமையானதை எடுத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கொடுக்கலாம், கொடுத்துவிட்டு உடனே சொல்ல வேண்டும். கொள்கை சரிதான். ஆனால் மறுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொள்கையை எழுதியவர்கள் கட்டவில்லை. வெயிலில் கன்டெய்னர் பக்கத்தில் நிற்கிறவர் கட்டுகிறார். கொடுக்காதே என்று சொல்லும் மேலிடமும் வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு தளத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் மேலிடமும் ஒன்றேதான்.

கடல்தொழிலில் இது பழைய கதை. சிகரெட் கேட்டே பழகியதால் சூயஸ் கால்வாய்க்கு மார்ல்பரோ கால்வாய் என்று மாலுமிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கப்பல் மட்டும் மறுத்தால் அது மட்டும் காத்துக் கிடக்கும். 2011இல் சில கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து கடல்சார் ஊழல் எதிர்ப்பு வலையமைப்பு என்று ஒன்றைத் தொடங்கியது அதனால்தான். எல்லோரும் சேர்ந்து மறுத்தால், எந்தத் துறைமுகத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு கேட்டார்கள் என்று எல்லோரும் ஓரிடத்தில் பதிந்து வைத்தால், கேட்பவருக்கும் யோசனை வரும்.

நாங்கள் செய்தது அதைவிடச் சின்னது. காரணப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி: ‘கேட்டதைக் கொடுக்க மறுத்தோம்.’ அதைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்ளையன்ஸுக்கு ஒரு புகார் தானாகத் திறக்கும். அந்தத் தாமத நாட்கள் ஊழியரின் மதிப்பீட்டுக் கணக்கிலிருந்து கழியும். டெமரேஜ் அந்தத் திட்டத்தின் லாபத்தில் கைவைக்காமல் தலைமையகத்தின் செலவில் ஏறும்.

நிதித் துறை மூன்றையும் எதிர்த்தது. “லேட்டா பண்றவன் எல்லாம் இதை கிளிக் பண்ணிட்டுப் போயிடுவான்” என்றார் அவர்கள் தரப்பில் பேசியவர். அந்தப் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. மேடம் கொஞ்ச நேரம் கழித்துப் பேசினார். “பொய்யா கிளிக் பண்றவங்களைக் கண்டுபிடிக்கலாம், அதுக்குத்தான் புகாரை விசாரிக்கப் போறோம். இப்போ நிஜமா நடந்ததைச் சொல்ல ஒருத்தருக்கு இடமே இல்ல. இடம் இல்லாததால அவங்க மழைன்னு போடுவாங்க. நம்ம ரிப்போர்ட்ல ஆறு மாசமா அந்தத் துறைமுகத்துல மழை பெய்யுது, பாத்தீங்களா?”

பார்த்தோம். பெய்திருந்தது.

முதல் இரண்டு கோரிக்கைகள் நிறைவேறின. மூன்றாவது, யார் செலவு என்பது, ஒவ்வொரு முறையும் தனித்தனியாக முடிவு செய்யப்படும் என்று பாதியில் நிற்கிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

2025 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் எஃப்சிபிஏ சட்டத்தின் கீழ் புது விசாரணைகளை 180 நாள் நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க நிறுவனங்கள் போட்டியில் பின்தங்குகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். 1980களின் புலம்பல் அப்படியே திரும்பி வந்திருந்தது. ஜூனில் விசாரணைகள் புது வழிகாட்டுதலோடு, குறுகிய எல்லைக்குள், மறுபடி தொடங்கின. ஆனால் அந்தப் பிப்ரவரி வாரமே எங்கள் ஆபீஸில் ஒரு மேலாளர், பாதி விளையாட்டாக, “அப்போ உங்க டீமை பேமென்ட்ஸ் பக்கம் மாத்திடலாமா?” என்று கேட்டுவிட்டார்.

சட்டரீதியான பதில்கள் கைவசம் இருந்தன. பிரிட்டனின் சட்டம் அப்படியே இருக்கிறது, நம் சட்டம் இருக்கிறது, லஞ்சக் குற்றத்துக்கு அமெரிக்காவில் வழக்குப் போடும் காலவரம்பு ஐந்து ஆண்டு, ஓர் அதிபரின் பதவிக்காலம் நான்குதான். மேடம் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார். அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் அன்று என் மனதில் ஓடியது வேறு. சட்டம் தளர்ந்த நாளில் பெரிய டெண்டர்களில் விளையாடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அது என் திரைக்குள் வராத உயரம். ஆனால் துறைமுகத்தில் நிற்கிறவருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியும். மேலே இருப்பவர்களுக்கு இனி அக்கறை இல்லை என்றுதான் சேரும். அந்தச் சந்தேகம் வந்த அன்றைக்கே அவர் மறுபடி மழை என்று போட ஆரம்பிப்பார். எந்த வழக்கறிஞரும் வந்து பார்க்காத தகவல் அது. ஆனால் அந்த இடத்தில்தான் இந்த ஏற்பாடு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

ஐந்தாவது வரியைச் சேர்த்த முதல் மூன்று மாதம் யாரும் அதைத் தொடவில்லை. பொறியென்று நினைத்திருக்கலாம். நான்காவது மாதம் ஒன்று வந்தது, அண்ணாச்சியிடமிருந்து இல்லை, நான் பார்த்திராத ஒருவரிடமிருந்து, வேறொரு கண்டத்திலிருந்து. விவரம் எழுதும் பெட்டியில் மூன்றே வாக்கியங்கள். கேட்டார்கள். கொடுக்கவில்லை. பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாள் அவர் மதிப்பீட்டில் கழிந்ததா என்று வருடக் கடைசியில் நானே போய்ப் பார்த்தேன். கழிந்திருந்தது. அதற்கு அடுத்த மாதம் அதே ஊரிலிருந்து இன்னும் இரண்டு வந்தன.

இப்போது ஒரு புகார் திறந்தால் ஐந்து நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுதியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நன்றி, பார்க்கிறோம் என்ற தானியங்கிப் பதில் கணக்கில் வராது. திங்கட்கிழமை காலை நான் முதலில் திறப்பது எத்தனை எச்சரிக்கை வந்தது என்ற வரைபடத்தை இல்லை. பதில் போகாமல் எத்தனை புகார் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற பட்டியலை. இந்த வாரம் ஒன்று ஆறாவது நாளில் நிற்கிறது. மேடத்துக்கு போன் போட்டிருக்கிறேன்.